மடக்கு மிதிவண்டிக்கு மின்விசை வந்த வரலாறு

சாதாரண மிதிவண்டியின் எடை என்ன என்று அதை ஓட்டுகிறவர்கள் அதிகமாக விசாரிப்பதில்லை. விசாரிக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. மடக்கு மிதிவண்டியின் விஷயம் அப்படியன்று. சாலையில் அது நம்மைச் சுமக்கிறது; ரயில் நிலையத்துப் படிக்கட்டிலும், காரியாலயத்தின் மாடியிலும், வீட்டுத் தாழ்வாரத்திலும் நாம் அதைச் சுமக்கிறோம். இந்த இரட்டை வாழ்க்கையை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான், மின்சார மோட்டார் மிதிவண்டியில் ஏறி நூறாண்டுக்கு மேலாகியும் மடக்கு வண்டியை அணுகுவதற்கு அது ஏன் அத்தனை காலம் தயங்கிற்று என்பதும், கடைசியில் அணுகியபோது பெரிய ஆலைகளின் தலைவாயில் வழியாக வராமல் தனி மனிதர்களின் வீட்டுப் பின்கட்டு வழியாக ஏன் வந்தது என்பதும் விளங்கும்.

வண்டியை மடக்கிவிட வேண்டும் என்னும் ஆசை ஏறக்குறைய மிதிவண்டியளவு பழமையானது. ஆளுயரச் சக்கரத்தை முன்னால் வைத்து ஓட்டிய காலத்திலேயே, 1878-ல், இங்கிலாந்தில் வில்லியம் கிரௌட் என்பவர் அந்தப் பெருஞ்சக்கரத்தின் வளையத்தைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போகத்தக்க வண்டி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் இந்த யோசனையை ஆதரித்து வளர்த்தவர்கள் ராணுவத்தார். 1890-களில் பிரெஞ்சு ராணுவத்து அதிகாரியான ழெரார் என்பவர், சிப்பாய் முதுகில் கட்டிக்கொண்டு மேடு பள்ளங்களைத் தாண்டும்படியான மடக்கு வண்டியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் பாராசூட் படையினரோடு விமானத்திலிருந்து இறக்குவதற்கென்று பி.எஸ்.ஏ. நிறுவனம் செய்த மடக்கு வண்டிகள் 60,000-க்கும் மேற்பட்டவை. (அம்பத்தூரில் செய்யப்பட்ட சைக்கிள்களின் வாயிலாக நம்மவர்க்கு நன்கு பழகிய அதே பி.எஸ்.ஏ. என்னும் பெயர்தான் இது.) யுத்தம் முடிந்ததும் அந்த வண்டிகளின் பெருமையும் முடிந்துவிட்டது. பிறகு, சூயஸ் கால்வாய் நெருக்கடியில் பெட்ரோல் கிடைக்காமல் திண்டாடிய இங்கிலாந்தில் அலெக்ஸ் மோல்டன் என்னும் பொறியாளர் மிதிவண்டியைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கி, 1962-ல் சிறு சக்கர வண்டியை வெளியிட்டார். சக்கரம் சிறியதாக இருந்தால் வண்டி விளையாட்டுச் சாமானாகிவிடும் என்ற பழைய எண்ணம் அன்றோடு போயிற்று.

இந்தப் பரம்பரையில் நமது விருத்தாந்தத்துக்கு மிகவும் வேண்டியவர் ஆண்ட்ரூ ரிட்ச்சி. கேம்பிரிட்ஜில் பொறியியல் கற்றுவிட்டுத் தோட்டங்கள் அமைக்கும் தொழிலில் ஈடுபட்டிருந்த அவர், பிக்கர்ட்டன் என்பவர் அலுமினியத்தில் செய்திருந்த மடக்கு வண்டியைக் கண்டு, இதைவிட நன்றாகத் தம்மால் செய்ய முடியும் என்று துணிந்து, 1975-ஆம் ஆண்டளவில் லண்டன் தென் கென்சிங்டனில் தாம் குடியிருந்த வீட்டின் படுக்கையறையிலேயே குழாய்களை வளைத்து ஒட்டி மாதிரி வண்டிகளைச் செய்யத் தலைப்பட்டார். சன்னலுக்கு எதிரே தெரிந்த பிராம்ப்டன் தேவாலயத்தின் பெயரே வண்டிக்கும் வந்தது. பின்சக்கரம் அடியில் சுழன்று உள்ளே புகுந்துகொள்ள, நடுக்குழாய் பக்கவாட்டில் மடிய, முன்சக்கரம் பின்சக்கரத்தின் அருகே வந்து கொக்கியில் மாட்டிக்கொள்ள, அழுக்குப் படிந்த சங்கிலி இரண்டு சக்கரங்களுக்கும் இடையே மறைந்து பிரயாணியின் உடையில் படாமல் ஒதுங்கும் அந்த மடிப்பை நேரில் பார்த்தவர்கள், இதில் சேர்க்கவும் குறைக்கவும் ஒன்றுமில்லை என்றே சொல்வார்கள். ஆயினும் ராலே போன்ற பெரிய ஆலை அதை ஏற்க மறுத்துவிட்டது. நண்பர்கள் முப்பது பேரிடம் ஆளுக்கு 250 பவுன் முன்பணம் வாங்கிக்கொண்டுதான் ரிட்ச்சி முதல் வண்டிகளைச் செய்தார். ஒழுங்கான ஆலை அமைந்தது 1988-ல். ஆக, பிற்காலத்தில் வீட்டு மேசையின்மேல் வைத்து மோட்டார் பூட்டப்பெற்ற அந்த வண்டியே வீட்டு அறையில் பிறந்ததுதான்.

மின்விசையின் வம்சாவளியோ இன்னும் முந்தியது. 1881-ல் குஸ்தாவ் துரூவே என்னும் பிரெஞ்சுக்காரர் மூன்று சக்கர வண்டியொன்றில் மோட்டாரையும் ஈய மின்கலங்களையும் ஏற்றிப் பாரிஸ் நகரத்துத் தெருவில் ஓட்டிக் காட்டினார். அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்துக் கான்டன் நகரத்தைச் சேர்ந்த ஆக்டன் போல்டன் 1895 டிசம்பர் 31-ஆம் தேதி பெற்ற காப்புரிமையின் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஆச்சரியம் உண்டாகாமல் இராது. பின்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார். பல்சக்கரம் இல்லை, நாடா இல்லை. சட்டத்தின் நடுவில் பாட்டரி தொங்குகிறது. இன்று சந்தையில் விற்கும் வண்டியின் உருவம் முழுவதும் அந்தப் படத்தில் இருக்கிறது. இல்லாதது ஒன்றே: தூக்கிச் செல்லத்தக்க பாட்டரி. 10 வோல்ட்டில் 100 ஆம்பியர் வரை கொடுக்க வேண்டிய மின்கலத்தை அக்காலத்து ஈயத்தில் செய்து மிதிவண்டியில் வைத்தால் ஓட்டுகிறவனுக்கு இடம் இருந்திருக்குமோ என்னவோ!

மின்சாரத்துக்கு வேளை வராத அந்த இடைக்காலத்தில், உள்ள சைக்கிளில் ஏதேனும் எஞ்சினைப் பூட்டிக்கொள்ளும் வழக்கத்தைப் பெட்ரோல் வளர்த்தது. இவ்வழக்கத்தின் சிகரம் என்று யுத்தம் முடிந்த ஜப்பானைத்தான் சொல்ல வேண்டும். ரயில்களில் காலூன்ற இடமில்லாத 1946-ல், ஹமமட்சு நகரத்தில் சோய்சிரோ ஹோண்டா என்பவர், தோற்றுப்போன ராணுவம் கம்பியில்லாத் தந்திக் கருவிகளுக்கு மின்சாரம் உண்டாக்க வைத்திருந்த சிறு எஞ்சின்கள் கேட்பாரற்றுக் கிடப்பதைக் கண்டு, அவற்றில் சுமார் 500-ஐ வாங்கிச் சாதாரண சைக்கிள்களில் பூட்டி விற்றார். முதல் மாதிரியில் எண்ணெய்த் தொட்டியாக உபயோகப்பட்டது, குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்கச் சுடுநீர் ஊற்றி வைக்கும் பாத்திரம்! பெட்ரோலுக்குப் பங்கீடு இருந்தபடியால் பைன் மரத்து வேரிலிருந்து வடித்த எண்ணெயைக் கலந்து ஓட்டினார்கள். புகையும் நாற்றமும் அதற்குத் தக்கபடி இருந்தன. ஆனாலும் வண்டிகள் விற்றுத் தீர்ந்தன. 1947-ல் அவர் சொந்தமாகவே எஞ்சின் செய்ய வேண்டியதாயிற்று. ஐரோப்பாவிலும் இதே கதைதான். 1950-ல் இங்கிலாந்தில் வெளிவந்த சைக்கிள்மாஸ்டர் என்னும் சாதனம், பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, எஞ்சினை உள்ளே அடக்கிய வேறொரு சக்கரத்தை மாட்டிக்கொள்ளும் உபாயம். அதைச் செய்தவர்கள் இசைத்தட்டுக்குப் பேர்போன ஈ.எம்.ஐ. நிறுவனத்தார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சக்கரத்தை மாற்றினால் வண்டி மாறிவிடும் என்ற அந்தத் தத்துவமே இன்றைய மின்சாரச் சக்கரத்துக்கும் அடிப்படை.

மறுபடியும் மின்சாரத்துக்கு வருவோம். 1983-ல் பிரிட்டிஷ் அரசாங்கம், 200 வாட்டுக்கும் மணிக்கு 15 மைலுக்கும் மிகாத மின்சார மிதிவண்டியை வரியும் ஓட்டுநர் உரிமமும் வேண்டாத சாதாரண மிதிவண்டியாகவே கருதலாம் என்று விதி செய்தது. அந்தச் சலுகையை நம்பி கிளைவ் சின்க்ளேர் 1985-ல் வெளியிட்ட சி5 என்னும் மூன்று சக்கர வண்டி நகைப்புக்கு இடமாகி மறைந்தது ஊரறிந்த செய்தி. அவர் 1994-ல் வெளியிட்ட ஸீட்டா என்னும் சிறு பெட்டியை அவ்வளவாக யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. என் அபிப்பிராயத்தில் சி5-ஐக் காட்டிலும் இதுவே புத்திசாலித்தனமான காரியம். வைத்திருக்கும் சைக்கிளை எறிந்துவிடச் சொல்லாமல், அதன் டயரின்மேல் அழுந்தி உருட்டிவிடும் மோட்டாரை வீட்டிலேயே பூட்டிக்கொள்ளச் சொன்னது அது. ஆயினும் அதன் பாட்டரி ஈயப் பாட்டரி. நாற்பது கிலோமீட்டர் தூரம் துணைபுரியச் சுமார் 360 வாட்-மணி மின்சாரம் வேண்டும். அதை ஈயத்தில் சேமித்தால் பாட்டரியின் எடை மட்டுமே 10 கிலோகிராமைத் தாண்டிவிடும். 12 கிலோகிராம் எடையுள்ள மடக்கு வண்டிக்கு அது குருவி தலையில் பனங்காய். பெரிய வண்டிக்காரன் அந்தப் பாரத்தைப் பொருட்படுத்தாமல் ஓட்டலாம்; மடக்கு வண்டிக்காரன் படிக்கட்டின் அடியில் நின்று பெருமூச்சு விட வேண்டியதுதான்.

பாரம் குறைந்ததற்குக் காரணமான இரண்டு கண்டுபிடிப்புகளும் மிதிவண்டியை உத்தேசித்துச் செய்யப்பட்டவை அல்ல. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஏககாலத்தில் உருவான நியோடிமியம் காந்தம், உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு மோட்டாரைச் சுருக்கிற்று. 1991-ல் ஸோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயான் மின்கலம் கையடக்கப் படக்கருவிகளுக்காக ஏற்பட்டது. பிறகு மடிக்கணினிக்குள் புகுந்தது. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமுமுள்ள அந்தச் சிறு உருளைகளைப் பத்துப் பத்தாகத் தொடுத்தால் 36 வோல்ட் கிடைக்கிறது. முன்சொன்ன 360 வாட்-மணி இரண்டு இரண்டரைக் கிலோகிராமில் அடங்கிவிடுகிறது. இதனிடையே யமஹா நிறுவனம் 1993-ல், கால் மிதிக்கும் விசையை அளந்து அதற்கேற்பத் துணைசெய்யும் வண்டியை ஜப்பானில் வெளியிட்டது. சீன தேசத்திலோ மின்சார மிதிவண்டிகள் கோடிக்கணக்கில் பெருகி, சக்கரத்தின் நடுவில் வைக்கும் மோட்டாரை மலிவுச் சரக்காக்கிவிட்டன. ராணுவ எஞ்சினை ஹோண்டா எடுத்து மாட்டியதைப் போலவே, மற்றொன்றுக்காகச் செய்யப்பட்ட பொருள்களை எடுத்துத் தங்கள் மடக்கு வண்டிகளில் மாட்டிப் பார்க்கும் மனிதர்கள் இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தோன்றினார்கள்.

அவர்களுக்கு எதிர்ப்பட்ட முதல் தடை ஏறக்குறைய ஓர் அங்குல வித்தியாசம். சாதாரண சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கின் இரண்டு கால்களுக்கும் இடையே அச்சு உட்காரும் இடம் 100 மில்லிமீட்டர். பிராம்ப்டனிலும், கலிபோர்னியாவில் டேவிட் ஹான் என்னும் பௌதிக விஞ்ஞானி 1982-ல் தொடங்கிய டாஹான் நிறுவனத்தின் பல வண்டிகளிலும் அது 74 மில்லிமீட்டர்தான். மடித்தால் ஒல்லியாக இருக்க வேண்டுமே! ஆகவே கடையில் கிடைத்த மோட்டார் உள்ளே நுழையவில்லை. சிலர் எஃகுப் போர்க்கைப் பலகைக்கிடையில் வைத்து மெல்ல மெல்ல விரித்தார்கள். சிலர் மோட்டாரின் மூடியையும் வாஷரையும் அராவித் தேய்த்தார்கள். பிறகுதான் ஒல்லியான மோட்டார்கள் இதற்கென்றே வரத் தொடங்கின. அடுத்தது வேகக் கணக்கு. மணிக்கு 25 கிலோமீட்டர் ஓடுவதற்குப் பெரிய சக்கரம் நிமிஷத்துக்குச் சுமார் 200 தடவை சுழன்றால் போதும். பதினாறு அங்குலச் சக்கரம் 300 தடவைக்கு மேல் சுழல வேண்டும். பெரிய வண்டிக்கென்று சுருள் சுற்றிய மோட்டாரைத் தெரியாமல் வாங்கிப் பூட்டினவன் மாட்டுவண்டிக்குப் பின்னால் போக வேண்டியிருந்தது. தகுந்த சுருளுள்ள மோட்டார் வாய்த்தவனுக்கோ, சிறு சக்கரமே அநுகூலமாயிற்று. அதே முறுக்கு விசை சிறிய ஆரத்தில் தரையை அதிக வலிமையுடன் தள்ளுவதால், மேட்டில் அந்தக் குட்டி வண்டி திணறாமல் ஏறியது.

மோட்டாரைச் சிறு வளையத்துக்குள் வைத்துக் கம்பி கோப்பதும், கோத்த சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பதும் பொறுமைக்குப் பரீட்சை. மோட்டாரின் விளிம்புக்கும் வளையத்துக்கும் உள்ள தூரம் அத்தனை குறைவாதலால் கம்பிகள் நேராகப் போகாமல் சாய்ந்து முறுக்கிக்கொள்ளும். அதைவிட முக்கியமானது அச்சு. மோட்டார் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது தன் அச்சைப் பின்னோக்கித் திருக முயல்கிறது. இரண்டு பக்கமும் தட்டையாகச் செதுக்கிய 10 மில்லிமீட்டர் அச்சைப் போர்க்கின் சிறு வாய் மட்டும் பிடித்துக்கொள்ளும் என்று நம்பினால், ஒருநாள் வாய் விரிந்து, அச்சு உருண்டு, மின்கம்பிகள் அறுந்து, முன்சக்கரம் கழன்று விழும்; அதனால் ஒரு முனையில் அச்சையும் மறுமுனையில் போர்க்கின் காலையும் கவ்வும் எஃகுப் பட்டையைப் பூட்டுவது இத்தொழிலில் விடக்கூடாத சம்பிரதாயம் ஆயிற்று. மின்கம்பிகளின் விவகாரமும் மடக்கு வண்டிக்குப் பிரத்தியேகமானது. மஞ்சள், பச்சை, நீலம் என்ற மூன்று தடித்த கம்பிகளும், மோட்டாரின் நிலையறிவிக்கும் ஐந்து மெல்லிய கம்பிகளும் முன்சக்கரத்தோடு நின்றுவிடும். ஆனால் பெடலின் அச்சில் மிதிப்பை உணரும் காந்த வட்டத்திலிருந்து வரும் கம்பி, நடுக் கீலைத் தாண்டியே வர வேண்டும். அது குறைந்தால் மடக்கும்போது அறும். மிகுந்தால் கீலின் இடையில் சிக்கி நசுங்கும். பாட்டரியைக் கைப்பிடிக்கு முன்னால் பையில் வைத்து, மடிக்குமுன் பையைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொள்வது என்ற ஏற்பாட்டினால், தூக்க வேண்டிய பாரம் இரண்டு கைகளுக்கும் பங்கிடப்பட்டது.

பிராம்ப்டன் நிறுவனம், கார்ப் பந்தயத்துக்குப் பேர்போன வில்லியம்ஸ் குழுமத்தாரின் துணைகொண்டு, தன் மின்சார வண்டியை 2017-ல் அறிவித்தபோது உலகம் கண்டது என்ன? முன்சக்கரத்தின் நடுவில் 250 வாட் மோட்டார். கைப்பிடிக்கு முன்னால் கழற்றத்தக்க பையில் 300 வாட்-மணிப் பாட்டரி. வேலைப்பாட்டின் நேர்த்தி ஆலைக்கே உரியதுதான். ஆனால் ஏற்பாடு முழுவதும் வீட்டுக்காரர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்து ஓட்டிக்கொண்டிருந்தது. பாட்டரியோடு சேர்த்து எடை 16 கிலோகிராமைத் தாண்டியதையும், விலை சாதாரண வண்டியைவிட வெகுவாக உயர்ந்ததையும் கண்டவர்கள், பழைய வண்டிக்குச் சக்கரம் மட்டும் வாங்கி மாட்டுவதை விட்டுவிடவில்லை.

வீட்டுத் தொழிலின் தீய பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. காந்தமும் சுருளும் பிழை செய்தால் வண்டி நின்றுபோகும், அவ்வளவே. லித்தியம் மின்கலம் பிழை செய்தால் வீடு எரியும். 42 வோல்ட்டோடு நிற்க வேண்டிய பாட்டரிக்குப் பொருந்தாத மின்னேற்றியை மாட்டியும், பழைய கணினிகளிலிருந்து பொறுக்கிய கலங்களைத் தொடுத்தும் விற்றவர்களால் லண்டனிலும் நியூயார்க்கிலும் உயிர்கள் போயின. 2023-ல் நியூயார்க் நகரம் தகுதிச் சான்று இல்லாத பாட்டரிகளை விற்கக்கூடாதென்று சட்டம் செய்தது. 2025 பிப்ரவரியில் லண்டன் ரேனர்ஸ் லேன் நிலையத்து நடைமேடையில், மோட்டார் பூட்டி மாற்றப்பட்ட மிதிவண்டியொன்று தீப்பற்றிக்கொண்டது. மார்ச் 31 முதல் மின்சார மிதிவண்டிகளைத் தங்கள் ரயில்களில் கொண்டுவரக்கூடாதென்று லண்டன் போக்குவரத்துத் துறையார் தடுத்துவிட்டார்கள். தடையில் ஒரு விலக்கு வைத்தார்கள்: மடக்கு வண்டிகளுக்கு மட்டும் அநுமதி உண்டு. அவற்றை வெளிச் சாமான்களைக் கொண்டு மாற்றியமைப்பது அபூர்வம் என்பது அவர்கள் சொன்ன காரணம். பிராம்ப்டன் பிறந்த ஊரிலேயே, இத்தனை காலம் போர்க்கை விரித்தும் அச்சுக்குப் பட்டை பூட்டியும் வந்தவர்கள் இருக்கையில், இந்தக் காரணத்தை எழுதியவர் யாரை விசாரித்து எழுதினார் என்று கேட்கத் தோன்றுகிறது. எப்படியாயினும், மடித்துக் கையில் பிடித்த வண்டிக்கு இன்று அங்கே வாயில் திறந்திருக்கிறது. அதன் மோட்டார் ஆலையில் பூட்டப்பட்டதா, அடுக்களை மேசையின்மேல் பூட்டப்பட்டதா என்று அந்த விதி கேட்பதில்லை.