நடந்தோர் வழியும் தண்ணீர்ப் பந்தலும்



ஒரு நாட்டின் வரலாற்றை அரசர் பெயர்களைக் கொண்டும் போர்களைக் கொண்டும் எழுதுவது வழக்கம். அவ்வாறு எழுதப்பட்ட வரலாற்றிலே மட்டக்களப்புக்குரிய பக்கங்கள் சிலவே. 1602ஆம் ஆண்டு ஒல்லாந்தக் கப்பற்றலைவன் ஸ்பில்பேர்கன் இக்கரையில் இறங்கிக் கண்டியரசனைக் காணச் சென்றான். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிலே கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். இவை பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்திகள்.

கோட்டைக்குள் இருந்தோர் இவ்வாறு மாறிக்கொண்டிருக்க, கோட்டைக்கு வெளியே, வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல் வழியிலே கூட்டங் கூட்டமாய் நடந்து சென்ற மக்களும் இருந்தனர். அவர்கள் கதிர்காமத்துக்குச் செல்லும் யாத்திரிகர். அவர்கள் எங்கே தங்கினர்? தாகம் எடுத்தபோது எதனைக் குடித்தனர்? அதனைக் கொடுத்தவர் யார்? சிறியனவாகத் தோன்றும் இக்கேள்விகளே இன்றைய பேச்சுக்குப் பொருள்.

முதலில் நிலத்தின் அமைப்பை நோக்குவோம். மட்டக்களப்பு வாவி வடக்கே பங்குடாவெளி தொடங்கித் தெற்கே கல்முனை வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதன் கிழக்கிலே, கடலோடு ஒட்டிய ஒடுங்கிய மணல் நிலம் எழுவான்கரை. மேற்கிலே, வயலும் காடும் பரந்த நிலம் படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை என்று திசையைக் கொண்டே பெயரிட்டனர் நம் முன்னோர். எழுவான்கரை வடக்குத் தெற்காக நீண்ட ஒரே வழி. படுவான்கரைக்குச் செல்ல வேண்டின் நீரைக் கடத்தல் வேண்டும்.

ஆதலின் இந்நாட்டு மொழியிலே 'பாதை' என்னும் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. ஆளையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடத்தும் மிதவைக்கும் இங்கே பாதை என்றே பெயர். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் மக்கள் பாதையில் ஏறியே போய் வந்தனர். நடப்பவனுக்கு நிலம் முடிந்தவிடத்து நீரும் பாதையே என்று கொண்ட வழக்கு இது. 1924ஆம் ஆண்டளவிற் கட்டப்பெற்று, தேசாதிபதி மனிங்கின் மனைவியார் பெயரைப் பெற்ற கல்லடிப் பாலமும், 2014இல் திறக்கப்பெற்ற மண்முனைப் பாலமும் வருமுன்னர் அவ்விடங்களிலும் துறைகளே இருந்தன.

ஊர்ப் பெயர்களையே பாருங்கள். அம்பிளாந்துறை, மண்முனைத்துறை என்பன துறைகளைக் காட்டுகின்றன. குருக்கள்மடம் என்னும் பெயர் மடம் ஒன்றை நினைவூட்டுகின்றது. கடக்கும் இடமும் தங்கும் இடமும் ஊராகி நிலைத்துவிட்டன. கல்வெட்டு இல்லாத இடத்தில் ஊர்ப்பெயர் கல்வெட்டின் வேலையைச் செய்கின்றது.

இவ்வழியே நடந்தவர்களுள் வணிகரும் உழவரும் உறவினர் வீடு செல்வோரும் இருந்தனர். எனினும் ஒரு கட்டுப்பாட்டோடு கூட்டமாய் நடந்தவர் கதிர்காம யாத்திரிகரே. கதிர்காமத்தை அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டிலே பாடியிருக்கின்றார். ஆதலின் தமிழருக்கும் அத்தலத்துக்கும் உள்ள தொடர்பு ஐரோப்பியர் வருகைக்கு முற்பட்டதென்பது தெளிவு. யாழ்ப்பாணத்துச் செல்வச் சந்நிதியிலிருந்து புறப்படுவோர் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல் வழியாக மட்டக்களப்பை அடைவர். சித்தாண்டியும் மாமாங்கமும் அவர்களுக்குத் தங்குமிடங்கள். அங்கே மட்டக்களப்பார் சேர்ந்துகொள்வர். பின்னர் எழுவான்கரை ஊர்களைக் கடந்து, திருக்கோவிலிலே சித்திரவேலாயுதரை வணங்கி, பொத்துவில், பாணமை வழியாக உகந்தைக்குச் செல்வர். உகந்தைக்கு அப்பால் ஊர் இல்லை, காடு. குமுக்கன் ஆற்றைக் கடந்து, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்னும் இடங்களிலே தங்கித் தங்கி மாணிக்க கங்கையை அடைவர்.

கூட்டமாய்ச் செல்வதற்குப் பக்தி மட்டும் காரணமன்று. காட்டிலே யானையும் கரடியும் உண்டு. தனித்துச் செல்பவன் திரும்புவது நிச்சயமில்லை. ஆதலின் வேல் ஏந்திய ஒருவர் முன்னே செல்ல, மற்றையோர் பின்னே செல்வர். யாவரும் ஒருவரையொருவர் 'சாமி' என்றே அழைப்பர். ஊரிலே இன்ன குடி, இன்ன சாதி என்று பிரிந்து வாழ்வோர் வழியிலே ஒரே சொல்லால் அழைக்கப்படுவது சிறிய மாற்றமன்று. அம்மாற்றம் ஊர் திரும்பிய பின்னும் நிலைத்ததெனக் கூறுதல் மிகையாகும். எனினும், ஆண்டில் சில வாரங்களாவது அது நடைமுறையில் இருந்தது.

இனி, காலத்தைக் கவனிப்போம். கதிர்காமத்து விழா ஆடி மாதத்தையொட்டி வருவது. மட்டக்களப்பு ஊர்களிலே வைகாசியில் கண்ணகியம்மன் குளிர்த்திச் சடங்கு முடிந்தபின் நடைக்கான ஆயத்தம் தொடங்கும். அது கச்சான் காற்று வீசும் பருவம். கீழ்மாகாணத்துக்கு மழை வருவது ஐப்பசிக்குப் பின்னரே. ஆனி, ஆடியிலே நிலம் வறண்டு கிடக்கும். இவ்வறட்சி யாத்திரிகருக்கு ஒரு வகையில் உதவி, ஒரு வகையில் இடர். ஆறுகளில் நீர் வற்றுவதால் நடந்து கடக்கலாம். ஆனால் குடிக்க நீர் கிடைப்பது அரிது. வெம்மணலில் நடப்போனுக்குச் சோற்றிலும் நீரே முதன்மையானது. இத்தேவையிலிருந்தே தண்ணீர்ப் பந்தல் பிறந்தது.

நான்கு கம்பு நட்டு, தென்னங்கிடுகு வேய்ந்து, உள்ளே மட்பானைகளை மணலிற் புதைத்து வைப்பதே பந்தல். மோர், சர்க்கரைத் தண்ணீர், தேசிக்காய்த் தண்ணீர், ஊறுகாய்த் தண்ணீர் எனக் கொடுப்போர் வசதிக்கேற்ப வகைகள் பல. மோரிலும் ஊறுகாய்த் தண்ணீரிலும் உள்ள உப்பு, வியர்வையால் உடல் இழந்ததை ஈடுசெய்வது. மருத்துவம் பின்னாளில் விளக்கிய இவ்வுண்மையை அனுபவத்தால் அறிந்திருந்தனர் நம் பெண்கள். ஆம், பெண்களே! பந்தல் நட்டவர் ஆடவராயினும், பானையை நிரப்பியவரும் மோர் கடைந்தவரும் பெண்களே. வழியிலே தமிழர் ஊரும் முஸ்லிம்கள் ஊரும் மாறி மாறி வருகின்றன. பாணமையிலே சிங்களமும் தமிழும் கலந்து வழங்குகின்றன. கதிர்காமத்திலோ முருகன் கோயிலுக்கு அண்மையில் பள்ளிவாசலும் உண்டு. தாகத்துக்கு நீர் கேட்பவனிடம் சமயம் கேட்கும் வழக்கம் இவ்வழியில் இருந்ததில்லை.

இவ்விடத்தில் பிற நாட்டு நிலையையும் ஒப்பு நோக்குதல் பயன் தரும். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சோசர் எழுதிய கதைகளிலே, கன்ரபெரித் திருத்தலத்துக்குச் செல்லும் யாத்திரிகர் கூட்டம் இலண்டனை அடுத்த ஒரு மதுச்சாலையிலே ஒன்றுகூடுகின்றது. சாலையின் உரிமையாளனே வழியில் ஆளுக்காள் கதை சொல்ல வேண்டுமென ஏற்பாடு செய்கின்றான். யாத்திரை மங்கிய பின்னும் அந்நாட்டில் மதுச்சாலை மறையவில்லை. வார இறுதி நாளில் நண்பர் குழாமாய் நாட்டுப்புறத்தே நடந்து, வழியிலுள்ள மதுச்சாலையில் இளைப்பாறி மீளும் வழக்கம் இன்றும் அங்கு உண்டு. நடையும் நட்பும் ஒரு குவளை பானமும் அங்கே ஒன்றாய்ப் பிணைந்தன.

நம் வழியிலும் மதுக்கடை இல்லாமற் போகவில்லை. ஆங்கில ஆட்சியில் சாராயக் குத்தகை அரசாங்க வருவாயின் முக்கிய பகுதியாயிருந்தது. 1912ஆம் ஆண்டையொட்டிக் கள்ளுத் தவறணைகள் பலவற்றைத் திறக்க அரசாங்கம் முற்பட்டபோது மதுவிலக்கு இயக்கம் வலுப்பெற்று எழுந்ததை இலங்கை வரலாறு கற்றோர் அறிவர். யாத்திரிகன் விரதம் பூண்டவன். தவறணையைக் கடந்து பந்தலுக்குச் செல்பவன்.

இங்கேதான் வரலாற்று மாணவன் கவனிக்க வேண்டிய ஒன்று உளது. தவறணை வரி கொடுத்தது. தண்ணீர்ப் பந்தல் வரி கொடுக்கவில்லை. ஆதலின் தவறணையின் கணக்கு அரசாங்க ஏட்டிலே ஏறியது. பந்தலின் கணக்கு எவ்வேட்டிலும் ஏறவில்லை. எது விற்கப்பட்டதோ அது வரலாறாயிற்று; எது இலவசமாய்க் கொடுக்கப்பட்டதோ அது மறக்கப்பட்டது. ஏடுகளை மட்டும் நம்பி எழுதுவோமாயின், நம் முன்னோர் கள்ளும் சாராயமும் குடித்தனர் என்று எழுதலாம். மோர் கொடுத்தனர் என்று எழுத ஆதாரம் இராது!

அரசாங்க ஏடுகள் யாத்திரிகரைக் குறிப்பிடாமலில்லை. ஆனால் குறிப்பிட்டது நோய்ப் பயத்தினால். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாந்திபேதி பரவுவதைத் தடுக்கும் நோக்கத்தோடு கதிர்காம யாத்திரைக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ஃப் யாத்திரைக் காலத்திலே கதிர்காமத்தில் தங்கி மேற்பார்வை செய்தவர். நூறாண்டுக்கு மேல் கழிந்து, 2020இலும் 2021இலும் கொரோனாக் கொள்ளைநோயின் காரணமாக நடை மறுபடியும் கட்டுப்பாட்டுக்குள் வந்தமை நினைக்கத்தக்கது. நோய்க்குக் காவல் வேண்டுமென்பதை மறுப்பாரில்லை. எனினும் ஏட்டிலே யாத்திரிகன் நோயைக் காவுபவனாக மட்டும் காட்சியளிப்பது அவனுடைய முழு உருவமன்று.

நடை குறைந்ததற்குக் காரணங்கள் பல. 1920களின் இறுதியில் மட்டக்களப்புக்குப் புகைவண்டி வந்தது. 1950ஆம் ஆண்டையொட்டிக் கதிர்காமம் வரை பேருந்து ஓடத் தொடங்கியது. ஒரு மாத நடை ஒரு நாட் பயணமாயிற்று. வண்டியில் செல்பவனுக்கு இடைவழியில் பந்தல் வேண்டுவதில்லை. பந்தலின்றேல் நடப்பவனும் நடக்க முடிவதில்லை. இவ்வாறு ஒன்று தளர மற்றதும் தளர்ந்தது. 1983க்குப் பின் போர் மூண்டு, வழியையே அடைத்தது. 1985இலும் 1990இலும் நிகழ்ந்த வன்செயல்கள் தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையே நீர் கொடுத்து நீர் பெற்ற உறவையும் புண்படுத்தின. இதற்கிடையே 1988இல், அமெரிக்கரான பற்றிக் ஹரிகன் என்பவரும் உடன் நின்ற அடியார் சிலரும் பழைய நடையை மீளத் தொடக்கினர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுவான்கரையின் கடலோர ஊர்களைச் சிதைத்தது. அடுத்த ஆண்டுகளிலும் நடந்தவர் நடந்தனர். போர் 2009இல் முடிந்தபின் ஆயிரக்கணக்கானோர் உகந்தையிலே கூடுகின்றனர்.

இன்று நிற்கும் வினா வழியின் உரிமை பற்றியது. 1938இல் யால தேசிய வனம் ஏற்பட்டது. பின்னர் கிழக்கே குமணையும் காப்பு வனமாயிற்று. பழைய நடைவழி அவற்றினூடே செல்வதால், ஆண்டுதோறும் அரச அதிகாரிகள் கூடித் தீர்மானிக்கும் சில நாட்களுக்கு மாத்திரமே காட்டுப்பாதை திறக்கப்படுகின்றது. விலங்கைக் காப்பது கடமை. கூட்டம் பெருகியபின் குப்பையும் பெருகுகின்றதென்பதும் மறுக்க இயலாதது. ஆயினும், காடு காப்பு வனமாகுமுன்னரே அவ்வழி இருந்தது என்பதும் உண்மையே. இங்கிலாந்திலே 1932ஆம் ஆண்டு கிண்டர் என்னும் மலைநிலத்திலே நடக்கும் உரிமைக்காகத் தொழிலாளர் கூட்டமாய் ஏறிச் சென்று, சிலர் சிறையும் புகுந்தனர். பின்னாளில் அந்நாட்டுச் சட்டமே நடப்போர் வழியை ஏற்றுப் பதிவு செய்தது. நாம் போராட்டம் நடத்த வேண்டுமென நான் கூறவில்லை. வழிக்கு உரிமை கேட்பவன் முதலில் வழியை அறிந்து எழுதி வைத்திருத்தல் வேண்டும் என்றே கூறுகின்றேன்.

அவ்வெழுத்து இன்னும் நிறைவுறவில்லை. 1962இல் எவ். எக்ஸ். சி. நடராசா 'மட்டக்களப்பு மான்மியம்' பதிப்பித்தார். 1964இல் வித்துவான் வி. சீ. கந்தையா 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதினார். அவர்கள் இட்ட அடித்தளத்தின் மேல், வழிகளின் வரலாற்றையும் சேர்த்தல் நம் கடமை. பந்தல் நின்ற இடம், கிணறு வெட்டியவர் பெயர், மடத்துக்கு நெல் கொடுத்த வயல், பழைய துறை இருந்த மூலை ஆகியவற்றை நினைவில் வைத்திருப்போர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். ஒவ்வொரு மாரியிலும் அவர்களுட் சிலர் மறைகின்றனர். போரிலும் கடற்கோளிலும் தப்பிய செய்திகள் முதுமையினால் அழிய விடலாமா?

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் உள்ள உயர்தர வகுப்பு மாணவர் பத்துப் பேர், ஆசிரியர் ஒருவரோடு, வாரந்தோறும் சனிக்கிழமை காலை ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நடப்பார்களாக. இடைவழியில் ஒரு முதியவர் வீட்டுத் திண்ணையிலே இளைப்பாறி, அவர் கொடுக்கும் நீரை அருந்தி, அவர் சொல்வதைக் கொப்பியில் எழுதுவார்களாக. தமிழ்ப் பிள்ளை முஸ்லிம் முதியவரிடமும், முஸ்லிம் பிள்ளை தமிழ் மூதாட்டியிடமும் கேட்பார்களாக. ஓராண்டு நடப்பின் வெருகல் முதல் உகந்தை வரை உள்ள வழி முழுவதும் ஏட்டில் ஏறிவிடும்.

வரி கொடாத காரணத்தால் ஏட்டில் ஏறாத அந்தப் பானைகளுக்கு நாம் செலுத்தும் கடன் அதுவேயாம்.