தொழுகையில் மனம் ஒட்டாத நாட்கள்

நோன்பு முடிந்து ஷவ்வால் பாதி கடந்ததும் காரைக்குடி வட்டாரப் பள்ளிவாசல்களில் இமாம்களைத் தேடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "ஹஜ்ரத், தொழுறேன், ஓதுறேன், மனசுல ஒண்ணுமே இறங்க மாட்டேங்குது. தராவீஹ்ல நின்னப்ப கண்ணீர் வந்துச்சு. இப்ப காஞ்சு கிடக்கு. அல்லாஹ் என்னைக் கைவிட்டுட்டானா?" சிலர் இன்னும் ஒரு படி போய், மனம் ஒட்டாமல் தொழுவது நடிப்புத்தானே என்று தொழுகையையே விட்டுவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

நபித்தோழர்களுக்கே இந்த நிலை வந்திருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் எழுத்தர்களில் ஒருவரான ஹன்ளலா (ரலி), தாம் முனாஃபிக் ஆகிவிட்டதாகப் பயந்தார். நபியவர்களின் சபையில் இருக்கும்போது சொர்க்கமும் நரகமும் கண்ணெதிரே தெரிவதுபோல் இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பி மனைவி, மக்கள், பிழைப்பு என்று இறங்கியதும் பெரும்பாலும் மறந்துபோகிறது. இதுதான் அவருடைய கவலை. கேட்ட அபூபக்ர் (ரலி) அவர்கள், தமக்கும் அப்படித்தான் என்றார்கள்! இருவரும் போய் முறையிட்டபோது, அதே நிலையில் எப்போதும் இருந்தால் வானவர்களே வந்து உங்களுக்குக் கைகொடுப்பார்கள், ஆனால் அதற்கொரு நேரம் இதற்கொரு நேரம் என்ற கருத்தில் நபியவர்கள் பதில் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது.

இதைவிடப் பெரிய ஆறுதல் ளுஹா அத்தியாயத்தில் இருக்கிறது. மக்காவில் வஹீ வருவது சிறிது காலம் நின்றது. முஹம்மதை அவருடைய இறைவன் விட்டுவிட்டான் என்று எதிரிகள் ஏளனம் செய்தார்கள். அப்போது இறங்கியதுதான் இந்த 93ஆவது அத்தியாயம். அல்லாஹ் முதலில் முற்பகல் மீது சத்தியம் செய்கிறான். அடுத்து, அமைதியாகிப் படர்ந்த இரவின் மீது. வெளிச்சமும் அவனுடையது, இருட்டும் அவனுடையது. இருட்டியதற்குக் கோபம் காரணமில்லை. அதன்பிறகே, உம் இறைவன் உம்மைக் கைவிடவும் இல்லை, வெறுக்கவும் இல்லை என்று தெளிவுபடுத்துகிறான்.

அடுத்து வருவதைத்தான் நாம் வேகமாக ஓதிக் கடந்துவிடுகிறோம். அநாதையாக இருந்தபோது அடைக்கலம் தந்தது, வழி காட்டியது, தேவையுள்ளவராக இருந்தபோது தன்னிறைவு தந்தது ஆகியவற்றை அல்லாஹ் நினைவுபடுத்துகிறான். பிறகு அநாதையை அடக்காதே, கேட்டு வருபவரை விரட்டாதே, இறைவனின் அருளை எடுத்துச் சொல் என்று கட்டளைகள் வருகின்றன. போன உணர்ச்சியைத் தேடிப் பிடி என்று ஒரு வார்த்தை இல்லை. கடந்த அருளை எண்ணிப் பார்க்கவும் அடுத்தவரின் தேவையைக் கவனிக்கவும்தான் சொல்லப்படுகிறது.

நம் பக்கத்திலேயே ஒருவர் இந்தத் தவிப்பைத் தமிழில் பாடிவைத்துப் போயிருக்கிறார். தொண்டி வட்டாரத்துக் குணங்குடியில் 1792இல் பிறந்த சுல்தான் அப்துல் காதிர், அதாவது குணங்குடி மஸ்தான் சாகிபு. கீழக்கரையில் மார்க்கக் கல்வி கற்று, உலக வாழ்வைத் துறந்து, கடைசியில் சென்னையில் தங்கி 1838இல் மறைந்தார், தண்டையார்பேட்டையில் அடங்கியிருக்கிறார். அவருடைய பாடல் தொகுதிகளில் ஒன்றின் பெயர் எக்காலக்கண்ணி. எப்போது, எப்போது என்ற கேள்வியே அதன் தலைப்பு. அவருடைய சொல்லாட்சியை ஏற்பதில் ஆலிம்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, அது தனிப் பேச்சு. இறைநேசர் என்று ஊரே கொண்டாடிய மனிதர், அடைந்துவிட்டேன் என்று உட்காராமல் ஏங்கிப் பாடியிருக்கிறார் என்பதே நமக்கு இங்கே முக்கியம். தண்ணீரின் ருசி தெரிந்தவனுக்குத்தான் தாகம் எடுக்கும். அல்லாஹ்வை மறந்தவன், அவன் நெருக்கம் போய்விட்டதே என்று அழுவானா?

சூஃபி பெரியோர் இந்தச் சுருங்கலுக்கு 'கப்ள்' என்றும், விரிவுக்கு 'பஸ்த்' என்றும் பெயர் வைத்தார்கள். இரண்டும் மாறி மாறி வரும். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வேகமும், வேகத்துக்குப் பின் ஒரு தளர்ச்சியும் உண்டு, தளர்ச்சியிலும் என் சுன்னத்தை விடாதவர் நேர்வழி பெற்றார் என்ற கருத்தில் முஸ்னத் அஹ்மதில் ஹதீஸ் வருகிறது. ஆகவே இந்த நாட்களில் ஃபர்ளைக் குறைக்கக் கூடாது, நஃபிலைக் குறைத்துக்கொள்ளலாம். தினம் ஒரு ஜுஸ்வு முடியவில்லையா, அரைப் பக்கம் ஓதுங்கள், அதையும் பொருளோடு.

எல்லா வறட்சியும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். பாவத்தால் கல்பில் துரு ஏறுவதைக் குர்ஆன் சொல்கிறது. வட்டிக் காசு, பேசாமல் இருக்கும் உடன்பிறப்பு, நள்ளிரவு வரை கையில் செல்போன் என்று தேடினால் காரணம் வீட்டுக்குள்ளேயே கிடைக்கலாம். அதற்குத் தவ்பாதான் வழி. ஆனால் தூக்கம் போய், சாப்பாடு பிடிக்காமல், எதிலும் ஆசையின்றி வாரக்கணக்கில் கிடந்தால் அது நோயாக இருக்கலாம். அவரிடம் ஈமான் குறைவு என்று பேசாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பிள்ளை பெற்ற பெண்களிடம் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தொழுகை இல்லாத நாட்கள் தங்களை அல்லாஹ்விடமிருந்து தூரமாக்கிவிட்டதாகப் பல பெண்கள் நினைக்கிறார்கள். அந்த நாட்களிலும் திக்ருக்கோ ஸலவாத்துக்கோ துஆவுக்கோ தடையில்லை; வழக்கமாகத் தொழும் நேரத்தில் உளூ செய்து முஸல்லாவில் அமர்ந்து அவற்றைச் சொல்லலாம், படுத்த படுக்கையிலும் சொல்லலாம்.