காப்பிக் கடைச் சொற்களும் செடியினப் பெயர்களும்

மும்பை மாட்டுங்காவில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரும் தமிழர் கடைகளில் ‘பிளாண்டேஷன்’, ‘பீபரி’, ‘ரொபஸ்டா’ என்னும் சொற்கள் ஒரே நிரலில் வழங்குகின்றன. இவற்றுள் செடியினத்தைக் குறிப்பது இறுதிச் சொல் மட்டுமே. பிளாண்டேஷன் என்பது சதை நீக்கி, நீரில் கழுவி உலர்த்திய அராபிகாக் கொட்டை. பீபரி என்பது பழத்துள் இரண்டிற்கு மாறாக ஒன்றாய் உருண்டு விளையும் விதை.

1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் தென்னிந்தியத் தோட்டங்களையும் தாக்கிய பின்னரே, அந்நோயைத் தாங்கும் ரொபஸ்டா இங்குப் பயிராயிற்று. உயர்மலை நிழலில் விளையும் அராபிகா மணமும் மென்புளிப்பும் உடையது. தாழ்ந்த சரிவிலும் விளையும் ரொபஸ்டா கசப்பு மிக்கது.

கடைவழக்கில் அராபிகா என்னும் இனப்பெயரைப் பதப்படுத்தும் முறையின் பெயர் மறைத்துவிட்டது. ஆகவே, பிளாண்டேஷனைத் ‘தோட்டக் காப்பி’ என மொழிபெயர்த்தல் பிழையாகும்; ரொபஸ்டாவும் தோட்டப்பயிரே. ‘கழுவிய அராபிகா’ என்பதே பொருந்தும்.