நீர்த்தடம் – 14: பதினேழு வயதில் ஓய்வு

சென்ற வாரம் ஆஸ்திரேலியாவின் டான் ஃப்ரேசரை டோக்கியோவில் விட்டு வந்தோம். 1964 ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தொடர்ந்து மூன்றாவது தங்கம் வென்ற அவருக்கு, 4x100 மீட்டர் ரிலேயில் வெள்ளிதான் கிடைத்தது. தங்கத்தைத் தட்டிச் சென்றவர்கள் நான்கு அமெரிக்கப் பெண்கள். நால்வரில் மூத்தவருக்கே அன்று வயது 17, இளையவருக்கு 14. 4 நிமிடம் 3.8 விநாடியில் உலக சாதனையும் படைத்தார்கள். அந்த நால்வரில் ஒருவரான டோனா டி வரோனாதான் இந்த வாரக் கதாநாயகி.

1947 ஏப்ரல் 26 அன்று கலிபோர்னியாவின் சான் டியேகோவில் பிறந்தவர். அப்பா டேவ், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கால்பந்தும் (அமெரிக்கர்களின் கால்பந்து) படகோட்டமும் ஆடிய வீரர். விளையாட்டு என்பது அந்த வீட்டில் சாப்பாடு, தூக்கம் மாதிரி. டோனாவுக்கு முதலில் பிடித்தது பேஸ்பால். அண்ணன் ஆடிய 'லிட்டில் லீக்' சிறுவர் அணியில் சேரத்தான் ஆசைப்பட்டார். ஆனால் பெண் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. பையன்கள் அடித்துவிட்டுப் போட்டுவிட்டு ஓடும் மட்டையை எடுத்து அடுக்கி வைக்கும் வேலை மட்டும் கிடைத்தது. அதையும் செய்தார். லிட்டில் லீக் தன் கதவைப் பெண்களுக்குத் திறந்தது 1974இல்தான். அதுவும் நீதிமன்றப் படியேறிய பிறகு.

நீச்சல் குளம் அப்படித் துரத்தவில்லை. சான்டா கிளாரா நீச்சல் கிளப்பின் பயிற்சியாளர் ஜார்ஜ் ஹெயின்ஸ், பையன், பெண் என்று பார்க்காமல் எல்லோரையும் கசக்கிப் பிழிந்தவர். அறுபதுகளின் அமெரிக்க நீச்சலை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய பாதிக் கதையை அந்த ஒரு கிளப்பை வைத்தே எழுதிவிடலாம். டான் ஷோலாண்டர் அங்கே தேறியவர். பிற்காலத்தில் ஒரே ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வென்ற மார்க் ஸ்பிட்ஸும் அங்கே பயின்றவர்தான்.

டோனா தேர்ந்துகொண்டது 400 மீட்டர் தனிநபர் மெட்லே. நீச்சலில் இதைவிடக் கொடுமையான பந்தயம் இல்லை என்பது என் எண்ணம். முதல் நூறு மீட்டர் பட்டர்ஃபிளை. தோள் இரண்டும் எரியத் தொடங்கிவிடும். அடுத்தது மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக். மூச்சுக்கு வசதி, ஆனால் போகும் திசை கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது பிரஸ்ட்ஸ்ட்ரோக், தவளை போல் காலை உதைக்கும் பாணி. மற்ற மூன்று பாணிகளில் கெட்டிக்காரர்களாக இருப்பவர்கள் பலரும் இங்கேதான் தேங்கிப்போவார்கள். கடைசி நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல். அதற்குள் உடம்பில் மிச்சமிருப்பதைச் சுரண்டி எடுத்துத்தான் நீந்த வேண்டும். ஒரே பாணியில் வல்லவராக இருந்து இதை ஜெயிக்க முடியாது. நான்கிலும் தேர்ந்திருக்க வேண்டும். எதில் எவ்வளவு பலத்தைச் செலவிடுவது என்ற கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பந்தயத்தில் 1960இல் டோனா உலக சாதனை படைத்தபோது அவருக்கு 13 வயது. அதே ஆண்டு ரோம் ஒலிம்பிக்குக்குப் போன அமெரிக்க நீச்சல் அணியில் அவர்தான் மிக இளையவர். ஆனால் அவர் சாதனை படைத்த பந்தயமோ ஒலிம்பிக் பட்டியலிலேயே இல்லை. ரிலேயின் தகுதிச் சுற்றில் மட்டும் நீந்தினார். இறுதிச் சுற்றில் வேறு நால்வர் இறங்கித் தங்கம் வென்றார்கள். இறுதியில் நீந்தியவர்களுக்கு மட்டுமே பதக்கம் என்பது அன்றைய விதி. உலக சாதனையாளர் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

நான்கு ஆண்டுகள் காத்திருந்தார். டோக்கியோவில் 400 மீட்டர் மெட்லே முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. டோனா 5 நிமிடம் 18.7 விநாடியில் முடித்தார். வெள்ளியும் வெண்கலமும் வென்ற சக அமெரிக்கர்கள் ஐந்து விநாடிக்கும் மேல் பின்தங்கியே சுவரைத் தொட்டார்கள். ரிலேயையும் சேர்த்து இரண்டு தங்கம்.

இதே டோக்கியோவில் நான்கு தங்கம் வென்ற ஷோலாண்டர், பிறகு யேல் பல்கலைக்கழக அணிக்காகத் தொடர்ந்து நீந்தினார். அமெரிக்காவில் விளையாட்டு வீரனின் அடுத்த கட்டம் கல்லூரிதான். பயிற்சியாளர், குளம், போட்டிகள் எல்லாம் அங்கே காத்திருக்கும். பல கல்லூரிகள் விளையாட்டுக்காகவே உதவித்தொகையும் கொடுக்கும். ஆண்களுக்கு! டோனாவுக்கு அப்படி எந்தக் கல்லூரியும் காத்திருக்கவில்லை. விளையாட்டை வைத்து ஒரு டாலர் சம்பாதித்தாலும் அமெச்சூர் தகுதி பறிபோய்விடும் என்ற காலம் வேறு. இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய பெண் 1965இல் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு 18 வயதுகூட நிறையவில்லை. அடுத்த மெக்சிகோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான நீச்சல் பந்தயங்கள் 8இலிருந்து 14ஆக உயர்ந்தன. அப்போது அவருக்கு 21தான் ஆகியிருக்கும். தோற்று விலகியவரைப் பற்றி எழுதுவது எளிது. உச்சத்தில் இருக்கும்போதே, நீந்த இடமில்லாமல் ஒருவர் கரையேறியதை எழுதும்போது எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

ஏபிசி தொலைக்காட்சியில் ரூன் ஆர்லெஜ் என்றொரு தயாரிப்பாளர் இருந்தார். 'வைட் வேர்ல்ட் ஆஃப் ஸ்போர்ட்ஸ்' என்ற அவருடைய நிகழ்ச்சி 1961 முதல் நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ், பனிச்சறுக்கு என்று யாரும் கண்டுகொள்ளாத விளையாட்டுகளையெல்லாம் வீட்டு வரவேற்பறைக்குக் கொண்டுவந்தது. அந்த நிகழ்ச்சியில் டோனாவின் கையில் மைக் வந்தது. 1965இல், தொகுப்பாளர் ஜிம் மெக்கே பக்கத்தில் உட்கார்ந்து ஆண்களுக்கான தேசிய நீச்சல் போட்டிக்கு வர்ணனை சொன்னார். அமெரிக்காவின் தேசியத் தொலைக்காட்சியில் விளையாட்டு வர்ணனைக்கு வந்த முதல் பெண் என்று அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள். போட்டி நடந்தது யேல் பல்கலைக்கழகத்தின் குளத்தில். இளநிலைப் படிப்பில் பெண்களையே சேர்த்துக்கொள்ளாத கல்லூரி அது. முதல் மாணவிகள் அங்கே நுழைய இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.

நீச்சல் வர்ணனை லேசுப்பட்ட வேலையில்லை. பார்ப்பவருக்குத் தெரிவது எட்டுத் தடங்கள், எட்டுத் தலைகள், கொஞ்சம் நுரை. முகங்கள் எல்லாம் தண்ணீருக்குள். கைவீச்சின் நீளம் குறைகிறதா, சுவரில் திரும்பும்போது உதையில் வலு இருக்கிறதா, முதல் பாதியை வேகமாக நீந்தியவர் கடைசி இருபத்தைந்து மீட்டருக்கு என்ன சேர்த்து வைத்திருக்கிறார் என்பதையெல்லாம் அந்தச் சில விநாடிகளுக்குள் சொல்லியாக வேண்டும். அந்த வலியை உடம்பில் அனுபவித்தவர் சொல்லும்போது அதன் தரமே வேறு. மெக்சிகோ 1968இல் தொடங்கிப் பல ஒலிம்பிக்குகளை டோனா தொலைக்காட்சிக்காகப் பார்த்துச் சொன்னார். அந்த மெக்சிகோவில் அவருடைய 400 மெட்லே பட்டத்தை வென்றவர் கிளாடியா கோல்ப்; அதே சான்டா கிளாரா கிளப்பின் இளையவர். இடையில் சில ஆண்டுகள் என்பிசி, பிறகு மீண்டும் ஏபிசி. சிறப்பு ஒலிம்பிக் வீரர் ஒருவரைப் பற்றிய செய்திப்படைப்புக்காக 1991இல் எம்மி விருதும் வந்தது.

ஆனால் அவருடைய பெரிய வேலை கேமராவுக்கு வெளியே நடந்தது என்றே நான் கருதுகிறேன். கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்த 'டைட்டில் 9' சட்டம் 1972 ஜூனில் வந்தது. கல்லூரி விளையாட்டுக்கும் அது பொருந்தும் என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. ஆண்கள் கால்பந்தின் வருமானம் போய்விடும் என்று விளையாட்டு நிர்வாகிகள் பதறினார்கள். அந்தச் சட்டத்தைக் காக்க வாஷிங்டனில் கதவு கதவாகத் தட்டியவர்களில் டோனாவும் ஒருவர். டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங் 1974இல் பெண்கள் விளையாட்டு அறக்கட்டளையைத் தொடங்கியபோது உடன் நின்றார். பிறகு அதன் தலைவராகவும் இருந்தார். ஒலிம்பிக் விளையாட்டுகளை ஆராய அதிபர் ஃபோர்டு அமைத்த ஆணையத்தில் உறுப்பினர். அந்த ஆணையத்தின் வழியில் பிறந்ததுதான் 1978ஆம் ஆண்டு அமெச்சூர் விளையாட்டுச் சட்டம்.

பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. சட்டம் வருவதற்கு முன், அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. இன்று 30 லட்சத்துக்கும் மேல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணிக்காக நீந்திய கேட்டி லெடெக்கி போன்றவர்கள் இந்தச் சட்டத்தின் பிள்ளைகள்.

1998இல் ஏபிசி டோனாவை வேலையிலிருந்து விலக்கியது. அப்போது அவருக்கு வயது 50ஐத் தாண்டியிருந்தது. 18 முதல் 39 வயதுக்குட்பட்ட ஆண் ரசிகர்களை அவரால் ஈர்க்க முடியவில்லை என்று தனக்குக் காரணம் சொல்லப்பட்டதாக அவர் பின்னர் தொடுத்த வழக்கில் தெரிவித்தார். மறு ஆண்டு நடந்த பெண்கள் உலகக் கோப்பைக் கால்பந்துக்கு ஏற்பாட்டுக் குழுத் தலைவர் யார் தெரியுமா? இதே டோனா. பெண்கள் கால்பந்துக்குச் சின்ன மைதானம் போதும் என்று எண்ணியவர்கள் பலர் இருக்க, அவரும் அவருடைய குழுவினரும் நாட்டின் மாபெரும் மைதானங்களையே பிடித்தார்கள். 1999 ஜூலை 10 அன்று கலிபோர்னியாவின் ரோஸ் பௌல் மைதானத்தில் அமெரிக்காவும் சீனாவும் மோதிய இறுதிப் போட்டியை நேரில் பார்த்தவர்கள் 90,185 பேர். பெனால்டியில் பிராண்டி சாஸ்டெய்ன் கடைசிக் கோலை அடித்த அந்த ஆட்டத்தை நாடு முழுவதும் நேரடியாக ஒளிபரப்பியது ஏபிசி!

2000ஆம் ஆண்டு டோனா நீதிமன்றம் போனார். வயதையும் பாலினத்தையும் காட்டி ஒதுக்கினார்கள் என்று 5 கோடி டாலர் இழப்பீடு கேட்டார். ஊடகத்தில் இருப்பவர் ஊடகத்தின் மீது வழக்குப் போட்டால் வேறு வாசல்களும் மூடிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான் போட்டார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. டோனா மறுபடியும் ஏபிசியில் வேலைக்குச் சேர்ந்தார்.

(தொடரும்)