நான்கு சோழி

தூத்துக்குடியில் என் வகுப்புக்குப் பல்லாங்குழியை எடுத்துப்போனேன். 14 குழி, குழிக்கு 5 சோழி. காலிக் குழியில் ஒவ்வொன்றாய் விழுந்து நான்கு சேர்ந்தால் அது 'பசு', குழிக்குரியவள் அள்ளிக்கொள்வாள். யாரும் எண்ணுவதில்லை. கண் பட்டதும் கை போய்விடும்.

1871இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் ஜெவோன்ஸ் பெட்டிக்குள் அவரை விதைகளை எறிந்து, பார்த்த கணத்தில் எத்தனை என்று சொல்லிப் பார்த்தார். நான்கு வரை தவறவில்லை. ஐந்தில் சிலமுறை பிசகியது. 'நேச்சர்' இதழ் அதை வெளியிட்டது. அது அறிவியல்.

இந்தக் கரையில் முத்துக்குளிப்பின்போது சிப்பிகளை எண்ணிப் பங்கு பிரித்த கணக்கு ஏடேறியது. பூப்பெய்தி மூலையில் உட்காரவைக்கப்பட்டவள் சோழியில் பழகிய கண்கணக்கு? பொழுதுபோக்காம்!

ஒரு மாணவி விதியை மாற்றி, ஐந்தைப் பசுவாக்கினாள். கைகள் தயங்கின. எல்லோரும் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்கள்.