படலுக்கு முட்டுக்கொடுத்த கல்

எங்க மாட்டுக்கொட்டாய் படல் காத்துக்கு அடிச்சுக்காம இருக்க ஒரு கல்லை முட்டுக்கொடுத்து வெச்சிருந்தோம். விரிச்ச கை அளவு இருக்கும். ஒரு முனை கூம்பி, அடி கொஞ்சம் தடிச்சு, ரெண்டு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்ந்த தழும்பு. பழுப்பு நிறம். என் மாமனார் ஊர் பூண்டிக்கு அந்தப் பக்கம். அவர் வேர்க்கடலைக் கொல்லையில் கிடந்ததை, மண் லோடு வந்தப்போ கூடவே வண்டியில் போட்டு எடுத்து வந்தேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். அந்த மண் லோடு கதைக்குப் பிறகு வர்றேன்.

போன வருஷம் மகளைக் கூட்டிக்கிட்டு பூண்டி அருங்காட்சியகத்துக்குப் போனேன். காக்களூரிலிருந்து அரைமணி நேரம் வண்டி. பூண்டி ஏரி உங்களுக்கெல்லாம் தெரிஞ்சதுதான். வெயில் காலம் வந்தா 3,231 மில்லியன் கன அடியில் எவ்வளவு மிச்சம்னு சென்னைக்காரங்க பேப்பரில் பார்க்கிற ஏரி. 1944-ல் கட்டி முடிச்சது, சத்தியமூர்த்தி பேர் வெச்சது. அந்த ஏரி பக்கத்துலேயே மாநிலத் தொல்லியல் துறை நடத்துற சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது பாதிப் பேருக்குத் தெரியாது. அணையைப் பார்த்துட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுட்டுத் திரும்பிடுவாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன்.

உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள்ள வரிசையாகக் கல். மகள்தான் முதல்ல சொன்னா, "அப்பா, இது நம்ம கொட்டாய்ல இருக்கு." கைக்கோடரின்னு எழுதியிருந்தது. எனக்கு முதுகு சில்லுன்னு ஆயிடுச்சு.

இந்தக் கல்லுக்கு ஒரு பெரிய சரித்திரம் இருக்கு. ராபர்ட் புரூஸ் ஃபூட்னு ஒரு வெள்ளைக்காரர், இந்திய நிலவியல் துறையில் வேலை. பூமிக்குள்ள என்ன பாறை இருக்குன்னு வரைபடம் போடுறதுதான் உத்தியோகம். 1863 மே 30-ம் தேதி பல்லாவரத்தில் பட்டாளத்து மைதானம் பக்கத்தில் கிராவல் தோண்டின பள்ளத்தில் ஒரு கல்லைக் கண்டார். இது தானா உடைஞ்சது இல்லை, மனுஷன் கை வெச்சு உடைச்சதுன்னு புரிஞ்சது. அதுக்கு நாலு வருஷம் முன்னாடிதான் பிரான்ஸ் ஆத்துப் படுகையில் கிடைச்ச இதே மாதிரிக் கற்களை ஐரோப்பிய அறிஞர்கள் ஒத்துக்கிட்டிருந்தாங்க. ஃபூட் அதைப் படிச்சிருந்தார். படிக்காதவன் கண்ணுக்கு அது ஜல்லி. என் கண்ணுக்கு அது படல் முட்டு.

அதே வருஷம் செப்டம்பர் 28-ம் தேதி, ஃபூட்டும் கூட வேலை பார்த்த வில்லியம் கிங்கும் நம்ம கொசஸ்தலையாத்துப் பக்கம் அதிரம்பாக்கம் ஓடைக்கு வந்தாங்க. அங்கே இந்தக் கல் கொட்டிக் கிடந்தது. காரணம் இருக்கு. பக்கத்து அல்லிக்குழிக் குன்றுகளில் குவார்ட்சைட் உருண்டைக் கல் ஏராளம். கெட்டியான கல், அடிச்சா கூர்மையாகப் பெயரும். தண்ணியும் உண்டு, கல்லும் உண்டு. கொல்லன் பட்டறை போட வேற என்ன வேணும்? இந்தியாவில் கிடைச்ச இந்த வகைக் கருவிகளை மெட்ராஸ் பேரைச் சேர்த்துச் சொல்ற வழக்கம் அப்படி வந்தது. ஃபூட் வாழ்நாள் பூரா சேர்த்த கற்களை 1904-ல் எழும்பூர் அருங்காட்சியகம் வாங்கிக்கிட்டது. அவர் 1912-ல் இறந்தார். அதுக்குப் பிறகுதான், 1914-லயும் 1916-லயும் அந்தச் சேகரிப்புக்கு அட்டவணைப் புத்தகங்கள் வெளிவந்தன. எந்தக் கல் எந்த ஊர்னு அதில் எழுதி வெச்சிருக்கார். எங்க ஊர்க் கல் எழும்பூரில் இருக்கேன்னு ஒரு ஆதங்கம் எனக்கு இருந்தது உண்மை. ஆனா அவர் எடுத்த கல்லுக்கு ஊர் பேர் இருக்கு.

1999-லிருந்து சாந்தி பப்புவும் அவங்க குழுவும் அதிரம்பாக்கத்தில் குழி போட்டாங்க. கிட்டத்தட்ட ஒன்பது மீட்டர் மண் அடுக்கு. நம்ம கணக்கில் முப்பது அடிக் கிணறு. கிணறு வெட்டினவங்களுக்குத் தெரியும், மேல செம்மண், கீழ கிராவல், அதுக்குக் கீழ களின்னு மண் மாறிக்கிட்டே போகும். ஒவ்வொரு அடுக்கும் ஒரு காலம். கீழே இருக்கிற களிமண்ணில் கைக்கோடரி கிடைச்சது. அதுக்கு வயசு சுமார் 15 லட்சம் வருஷம்னு 2011-ல் சயன்ஸ் பத்திரிகையில் வெளியிட்டாங்க.

எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்னு எனக்கும் சந்தேகம்தான். படிச்சுப் பார்த்ததில் புரிஞ்சது இது. கல் வெட்டவெளியில் கிடக்கும்போது விண்வெளியிலிருந்து வர்ற கதிர்கள் பட்டு, அதுக்குள்ள ஒரு வகை அலுமினியமும் ஒரு வகை பெரிலியமும் உண்டாகும். ஆழத்தில் புதைஞ்சதும் அது நின்னுபோகும். பிறகு ரெண்டும் அழிய ஆரம்பிக்கும், அலுமினியம் வேகமாக, பெரிலியம் மெதுவாக. மிச்சம் இருக்கிற விகிதத்தை அளந்தால் புதைஞ்சு எத்தனை காலம்னு தெரியும். விதைநெல் மூட்டையில் முளைப்பு எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பார்த்து எந்தப் போகத்து நெல்லுன்னு சொல்லுவோமே, கிட்டத்தட்ட அந்தக் கணக்கு.

மேல் அடுக்குகளில் கருவி மாறுது. பெரிய கைக்கோடரி குறைஞ்சு, முன்கூட்டியே யோசிச்சுத் தட்டின சின்னச் சின்னச் சில்லுகள் வருது. கடப்பாரையிலிருந்து களைக்கொத்துக்கு வந்த மாதிரி. அந்த மாற்றம் 3 லட்சத்து 85 ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே தொடங்கிடுச்சுன்னு 2018-ல் நேச்சர் பத்திரிகையில் எழுதினாங்க. அதுவரைக்கும் இந்தத் தொழில்நுட்பம் ஆப்பிரிக்காவிலிருந்து நம்ம இன மனுஷங்க ரொம்பப் பிந்தி இந்தியாவுக்குக் கொண்டுவந்ததுன்னு பலர் நினைச்சிருந்தாங்க. அங்கே மனுஷ எலும்பு கிடைக்கலை. அதனால செஞ்சது எந்த இனம்னு சொல்ல முடியாது. எங்க சொந்தக்காரர் ஒருத்தர் இதைக் கேட்டுட்டு "அப்போ முதல் தமிழன்தான்"னு ஆரம்பிச்சார். 15 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி நம்ம மாதிரி மனுஷனே கிடையாது மாமா, அப்புறம் எங்கே தமிழன்னு சொன்னதுக்கு மூணு நாள் என்கூடப் பேசலை.

சரி, என் கல். அந்தப் பக்கத்து ஊரில் அகழாய்வுக் குழியில் மண் வெட்டப் போன பெரியவர் ஒருத்தர் மாமனாருக்குப் பழக்கம். கல்லைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோடரிதான். எந்த இடத்துல எடுத்த?"

"மாமா கொல்லையில."

"கொல்லையில எந்த மூலை? மேலயா, ஆழத்துலயா? கூட வேற கல்லு கிடந்துதா?"

எனக்குப் பதில் தெரியலை.

அவர் கல்லைக் கீழே வெச்சார். "அப்ப இது வெறும் கல்லு மாப்ள. மண்ணோட இருந்தாத்தான் அதுக்கு வயசு. அங்க எங்களை விரலால மண்ணு தள்ளச் சொல்லுவாங்க. ஒரு கல்லு இருந்தா நூல் கட்டி, அளந்து, வரைஞ்ச பிறகுதான் எடுப்பாங்க."

அந்தக் கொல்லை இப்போ இல்லை. மாமனார் மூத்த மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கி, அதை அடைக்கச் சவுடு மண் வித்தார். அஞ்சடி ஆழத்துக்கு ஜேசிபி இறங்கியது. திருவள்ளூரைச் சுத்தி மனைப்பிரிவுக்கு மேடு தூக்குற மண் எல்லாம் இப்படி யாரோ ஒருத்தர் கடனுக்கு வித்ததுதான். காக்களூரில் சிட்கோ வந்த பிறகு வீடுகள் பெருகி, ஏரித் தண்ணி ஏறுமேன்னு பயந்து எல்லாரும் தரையை உயர்த்தினாங்க. நானும்தான். அதே கொல்லையிலிருந்து பன்னிரண்டு லோடு, வெளிவிலைக்குப் பாதி விலையில் என் வீட்டு அஸ்திவாரத்துக்குள்ள போட்டேன். அன்னைக்கு அதை லாபம்னு சொல்லி ஊரெல்லாம் பெருமை பேசினேன். மண் கொட்டும்போது "இவ்வளவு கல்லா இருக்கே"ன்னு டிரைவரைத் திட்டினதும் ஞாபகம் இருக்கு.

எத்தனை கைக்கோடரி என் ஹாலுக்குக் கீழே இருக்கோ.

ஃபூட் கண்டெடுத்ததும் கிராவல் தோண்டின பள்ளத்தில்தான்னு யோசிச்சு ஒரு நாள் என்னையே சமாதானம் பண்ணிப் பார்த்தேன். அவர் பள்ளத்துக்குள்ள இறங்கிப் பார்த்தார். நான் லோடு கணக்குப் பார்த்தேன்.

கல் இப்போ கொட்டாயில் இல்லை. மகள் ஒரு துணிப்பையில் போட்டு, சீட்டு எழுதி உள்ளே வெச்சிருக்கா. ஊர் பேர், சர்வே எண், எடுத்த வருஷம் இருக்கு. ஆழம்னு எழுதி அதுக்கு எதிரே 'தெரியாது'ன்னு போட்டிருக்கா. அடுத்த முறை பூண்டிக்குப் போகும்போது கொடுத்துட்டு வரணும். மாமனாருக்கு மேற்கால வெட்டாத துண்டு ஒன்றரை ஏக்கர் மிச்சம் இருக்கு. அதுக்கும் மண் கேட்டு ஆள் வந்துட்டுப் போயிருக்கு. "உன் பொண்ணு படிப்புக்கு ஆகும்னு பார்க்குறேன் மாப்ள"ன்னு போனில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அவளையே கூட்டிக்கிட்டுப் போறேன், அவகிட்டயே பேசட்டும்.