மறுத்துப் பேசக்கூடிய வாசகர்: திருச்சுழி வட்டாரத் தொடக்கப்பள்ளிகளில் கருத்துக் கட்டுரை

நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் எழுதும் கட்டுரைக்கு ஓர் அச்சு உண்டு: முன்னுரை, இரண்டு மூன்று உட்தலைப்புகள், முடிவுரை. ‘மரங்களின் பயன்கள்’ என்று தலைப்புக் கொடுத்தால் நிழல், மழை, காய்கனி, தூய காற்று என்று வரிசையாக வரும். கடைசியில் ‘மரம் வளர்ப்போம்’ என்ற உறுதிமொழியும் வரும். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் இதை எழுதும் குழந்தை சன்னல் வழியே எட்டிப் பார்த்தால் கண்ணில் படுவது பெரும்பாலும் சீமைக்கருவேல மரம். அதை வளர்க்க வேண்டுமா, வெட்ட வேண்டுமா என்று ஊரே இரண்டுபட்டு நிற்கிறது. நோட்டில் மட்டும் அந்தக் கேள்வி இல்லை.

பத்து வயதுக் குழந்தைக்கு வாதிடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. குடிநீர்க் குழாயடியில் குடத்தை முன்னே வைத்தது யார் என்பதில் தொடங்கி, கிட்டியில் அவுட்டா இல்லையா என்பது வரை, காரணத்துக்கு மேல் காரணமாக அடுக்குவார்கள். அந்தத் திறமை நோட்டில் இறங்காமல் போவது ஏன்? உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1934-ல் வெளியான ‘சிந்தனையும் மொழியும்’ நூலில் இதற்கு விடை தருகிறார். எதிரே ஆள் இல்லாமல் பேசும் பேச்சுதான் எழுத்து. பேச்சில் ‘ஏன் அப்படிச் சொல்றே?’ என்று கேட்க ஒருவர் இருக்கிறார். அடுத்த காரணத்தை அந்தக் கேள்விதான் இழுத்துவருகிறது. காகிதம் எதையும் கேட்பதில்லை. கார்ல் பெரைட்டரும் மார்லின் ஸ்கார்டமாலியாவும் எழுத்தாக்க உளவியல் பற்றி 1987-ல் வெளியிட்ட நூலும் இதையே உறுதிசெய்கிறது. எழுதி முடித்துவிட்டதாகச் சொன்ன குழந்தைகளிடம் ‘இன்னும் கொஞ்சம் எழுது’ என்றதுமே அவர்கள் மேலும் எழுதினார்கள். சரக்கு உள்ளேதான் இருந்தது. கேட்க ஆள் இல்லை. ஆகவே கருத்துக் கட்டுரை கற்பிப்பதில் முதல் வேலை அமைப்பைச் சொல்லித்தருவதன்று, மறுத்துப் பேசக்கூடிய ஒரு வாசகரைக் குழந்தையின் முன் நிறுத்துவதே என்பது என் வாதம்.

அதற்குச் சீமைக்கருவேல மரத்தைவிடப் பொருத்தமான பாடம் இந்தக் கரிசல், செவல் பூமியில் கிடைப்பது அரிது. 1870-களில் அமெரிக்கக் கண்டத்துப் பகுதிகளிலிருந்து இந்தியாவுக்கு வந்த மரம் இது. கண்மாய்க்குள் புகுந்து நீர் நிற்கும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, வரத்துக்கால்வாயை அடைக்கிறது. மழை பொய்த்த ஆண்டில் வெள்ளாமை இல்லாத குடும்பத்துக்குக் கரிமூட்டம் போட்டுக் கூலி தருவதும், அடுப்புக்கு விறகு தருவதும் இதே மரம்தான். 2017-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரங்களை அகற்ற உத்தரவிட்டு, பணியைக் கண்காணிக்க வழக்கறிஞர் ஆணையர்களை நியமித்தது. சில மாதங்களில் இன்னொரு தரப்பு வழக்குத் தொடுக்க, சென்னையில் முதல் அமர்வு அகற்றும் பணிக்கு இடைக்காலத் தடை விதித்தது. மறுதரப்பைக் கேட்ட பிறகு நீதிமன்றமே நின்று யோசித்திருக்கிறது. ஐந்தாம் வகுப்புக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எது?

வகுப்பில் இது எப்படி நடக்கலாம் என்பதற்கு ஒரு பத்தியைக் குழந்தை நடையில் நானே அமைத்துக் காட்டுகிறேன்:

“எங்கள் ஊரில் கருவை மரங்களை எடுத்துவிட வேண்டும். ஏனென்றால் கண்மாயில் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் மரம் நிற்கிறது. மூட்டம் போடுகிறவர்களுக்கு வேலை போய்விடும் என்று சொல்வார்கள். அது உண்மைதான். அதனால் பட்டா நிலத்தில் இருப்பதை விட்டுவிட்டுக் கண்மாயில் இருப்பதை மட்டும் எடுக்கலாம்.”

முதல் வாக்கியத்தில் ‘ஊரில்’ என்று இருந்தது கடைசியில் ‘கண்மாயில் மட்டும்’ என்று சுருங்கியிருக்கிறது. மூட்டத் தொழிலாளியின் தரப்பு வந்ததும் கோரிக்கையே மாறிவிட்டது. மறுப்புக்குப் பதில் சொல்லி வாயை அடைப்பது ஒரு திறன். மறுப்பைக் கேட்டுத் தன் கருத்தைத் திருத்திக்கொள்வது அதனினும் பெரிய திறன். இந்தப் பத்தியை வகுப்பில் படித்தால், ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளை ஒன்று எழுந்து, “பட்டாவுல கெடக்குற நெத்தத் தின்னுட்டு ஆடு கம்மாயில போயி புழுக்கை போட்டா மறுபடி மொளைக்குமே!” என்று கேட்கக்கூடும். விதை பரவும் விதமே அதுதான். எழுதிய பிள்ளை திரும்ப நோட்டை எடுக்க வேண்டியிருக்கும். திருத்தி எழுதுதல் என்பது சிவப்பு மையில் ஒற்றுப்பிழை சுழிப்பதிலிருந்து விலகி, உண்மையிலேயே நிகழும் இடம் இது.

அமெரிக்க மாநிலங்கள் பல 2010 முதல் ஏற்ற பொதுப் பாடத்தரம் ஐந்தாம் வகுப்பு வரை கருத்தும் காரணமும் போதும் என்கிறது. எதிர்க்கருத்தைக் கணக்கில் எடுப்பதை ஏழாம் வகுப்பில்தான் வைக்கிறது. அந்தத் தள்ளிவைப்பு இங்கே தேவையில்லை என்பேன். வீட்டிலும் தெருவிலும் இரண்டு தரப்பையும் நாள்தோறும் கேட்டு வளரும் குழந்தைக்கு எதிர்க்கருத்து புதிய சரக்கன்று. நம் மரபும் அதை ஒதுக்கிவைக்கவில்லை. நன்னூல் சொல்லும் எழுவகை மதங்களில் (கொள்கை நிலைகளில்) உடன்படல், மறுத்தல் இரண்டும் இருப்பதோடு, பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பிறகு களைவதும் தனி வகையாகவே இருக்கிறது. நன்னூல் பேசுவது நூலாசிரியரைப் பற்றி. பள்ளிக் குழந்தைக்கு அதைப் பெயர் சொல்லிப் புகட்ட வேண்டாம்.

‘இதற்குத்தான் பட்டிமன்றம் இருக்கிறதே’ என்பார்கள். ஆண்டுவிழாப் பட்டிமன்றத்தில் எந்த அணி என்பதை ஆசிரியர் முடிவு செய்கிறார், பேச்சையும் பெரும்பாலும் அவரே எழுதித் தருகிறார், குழந்தை மனப்பாடம் செய்கிறது, நடுவர் தீர்ப்புச் சொல்கிறார். குரலும் சபைக்கூச்சம் தெளிதலும் கிடைக்கும். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று அந்தக் குழந்தையிடம் கடைசிவரை யாரும் கேட்பதில்லை.

இந்த ஊர்களில் எழுதி இணங்கவைக்கும் பழக்கம் வேறோர் இடத்தில் உயிரோடு இருக்கிறது. அது மனு. திங்கள்கிழமை விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு மடித்த காகிதத்தோடு போகாத தெரு குறைவு. மனுவுக்குப் பெறுநர் உண்டு, குறிப்பான கோரிக்கை உண்டு. பள்ளிக் கட்டுரையில் இல்லாத இரண்டும் அவைதான். குறையும் உண்டு: மனு வேண்டிக்கொள்கிறது, மறுதரப்பை மறைத்துவிடுகிறது. மறுதரப்பு எழுந்து பேசும் இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடும் சபைகளில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் வருகிறது. கண்மாய் பற்றி எழுதிய பிள்ளைகளின் கட்டுரைகளை அந்தச் சபையிலோ, பள்ளி மேலாண்மைக் குழுவிலோ படிக்கச் செய்து, ஒருவராவது மறுத்துப் பேச வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். கைதட்டி அனுப்பினால் பயன் பாதி போய்விடும்.

எழுத்துக்கூட்டவே திணறும் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்ற தடை வலுவானது. 2018-ல் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்களைப் பட்டியலிட்டபோது தமிழ்நாட்டில் இராமநாதபுரத்தோடு விருதுநகரும் இடம்பெற்றது. அதிலிருந்து இங்கே அடிப்படை எழுத்தறிவே முதல் கவலை. 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைபிரித்தே கற்பிக்கிறது. ஆனால் கருத்துச் சொல்ல மலர் நிலை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அரும்பு நிலைப் பிள்ளை வாயால் சொல்லட்டும், ஆசிரியர் எழுதிக்கொடுத்து, ‘ஏனென்றால்’ என்ற ஒரு சொல்லை மட்டும் அந்தப் பிள்ளை தன் கையால் எழுதட்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் நெசவாளர் பிள்ளைகள் காரணத்தை முதலில் அந்த மொழியில் சொல்லிப் பார்ப்பதற்கும் தடை போடக்கூடாது. சொந்தக் காரணம் ஒன்று இருந்தால் எழுத்தைப் பிடிக்க ஆசையும் வரும்.

மதிப்பெண் இடுவதுதான் சிக்கலான இடம். மூட்டம் போடுகிற வீட்டுப் பிள்ளை ‘மரம் இருக்கட்டும்’ என்று முடித்தால், அரசின் அகற்றும் கொள்கைக்கு மாறாக எழுதியது என்று ஆசிரியர் தயங்கக்கூடும். எந்தப் பக்கம் நிற்கிறது என்பதற்கு மதிப்பெண் கிடையாது, காரணத்துக்கும் மறுதரப்பை நேர்மையாகச் சொன்னதற்குமே உண்டு என்பதை மதிப்பீட்டுப் படிவத்திலேயே எழுதிவைக்க வேண்டும். தலைப்புகளும் மாற வேண்டும். ‘நெகிழியை ஒழிப்போம்’, ‘நீரைச் சேமிப்போம்’ போன்ற போட்டித் தலைப்புகளில் விடை முன்பே எழுதப்பட்டுவிட்டது. கண்மாய்க் கருவை மரங்களை ஏலம் விட்டு வந்த பணத்தை மடை பழுதுபார்க்கச் செலவிடலாமா, பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்டலாமா, மூட்டத் தொழிலாளிக்கு மாற்று வேலை தரலாமா என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்கும் ஆசிரியருக்கே விடை தெரியாத கேள்வி அது.